என்.பி.எஸ் பேக்கப்: எக்ஸ்போர்ட் கோப்பா, சிஸ்டம் ஸ்டேட்டா?

போன மாரியில் மின்னல் அடித்த ஓர் இரவோடு எங்கள் சேர்வரின் மதர்போர்ட் போய்விட்டது. கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் பயிற்சி நிலையத்தில் 11 வைஃபை பெட்டிகள். யாரை உள்ளே விடலாம் என்று அவை எல்லாம் கேட்பது அந்த மெஷினில் ஓடிய என்.பி.எஸ் என்ற நெட்வொர்க் பாலிசி சேர்வரிடம்தான். புது போர்ட் கொழும்பிலிருந்து வரக் கிழமைக்கணக்காகும் என்றார்கள். நாங்கள் அன்று மத்தியானமே எழும்பி நின்றோம். அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எக்ஸ்போர்ட் கோப்பு.

விண்டோஸின் நெட்ஷ் கட்டளையாலோ பவர்ஷெல்லாலோ என்.பி.எஸ் அமைப்புகளை, பாலிசி என்ற அனுமதி விதிகள் உட்பட, ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக எடுப்பது இந்த வழி. மற்றது, விண்டோஸ் சேர்வர் பேக்கப்பால் சிஸ்டம் ஸ்டேட்டை, அதாவது விண்டோஸின் முக்கிய அமைப்புகளை, முழுதாக எடுப்பது. என்.பி.எஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ஐஏஎஸ் கோப்புறைக்குள் போய் எக்ஸ்எம்எல்லைக் கையால் கொப்பி பண்ணுகிறவர்களும் உண்டு. முறையான கட்டளை இருக்கும்போது எனக்கு அதில் மனமில்லை.

முல்லைத்தீவில் இதே வேலை பார்க்கும் அண்ணை ஒருவர் சிஸ்டம் ஸ்டேட்தான் எடுப்பார். "தம்பி, முழுசா எடுத்து வைச்சா பிறகு ஒண்டையும் யோசிக்கத் தேவையில்லை" என்பார். அதே மெஷின் உயிரோடு இருந்து, ஓர் அப்டேட்டால் குழம்பினால் அவர் சொல்வது சரி. ரெஜிஸ்ட்ரி, சேர்வர் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழ் எல்லாம் சேர்ந்தே திரும்பும். பல ஜிபி இடம் பிடிக்கும், அது பெரிய விஷயமில்லை.

மெஷினே செத்தால் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. இங்கே கரண்ட் போய் வரும்போது பொருள் கருகுவது புதிதல்ல. சிஸ்டம் ஸ்டேட்டை எடுத்த மெஷினிலோ அதே மாதிரியான இன்னொன்றிலோதான் நம்பித் திரும்பப் போடலாம். அதில் பாலிசியை மட்டும் தனியாக ரெஸ்டோர் செய்யவும் முடியாது. அந்த மெஷின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலராகவும் இருந்தால் தனி ரெஸ்டோர் மோடில் ஏற வேண்டும். அந்த நிலையை நான் ஒரு தடவை பழகிப் பார்த்ததோடு சரி, உண்மையான அவசரத்தில் செய்ததில்லை.

எக்ஸ்போர்ட் கோப்புக்கு இந்தக் கட்டு இல்லை. லாபில் கிடந்த சாதாரண பிசியில் விண்டோஸ் சேர்வர் 2022 போட்டேன். பழையது 2019. பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் போகலாம், மறுபக்கம் கூடாது. பழைய ஐபியையே கொடுத்து, பயனர் கணக்குகள் உள்ள ஆக்டிவ் டைரக்டரியில் பதிந்து, கோப்பை இம்போர்ட் செய்தேன். ஏணி வைத்து ஏறி ஒரு வைஃபை பெட்டியைக்கூடத் தொடவில்லை. இம்போர்ட் ஏற்கெனவே இருப்பதை முழுதாக அழித்துவிட்டுத்தான் எழுதும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரில் செய்வதானால் முதலில் அதையும் ஒரு எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் கொடுத்த ரகசியச் சொல் அந்தக் கோப்பில் பூட்டில்லாமல் அப்படியே கிடக்கும். நோட்பேடில் திறந்தால் யாரும் வாசிக்கலாம். அதனால் செவன்-ஸிப்பில் பாஸ்வேர்ட் போட்டு இரண்டு பென் டிரைவில் வைக்கிறேன். ஒன்று அதிபரின் அலுமாரியில், மற்றது வவுனியாக் கிளையில். பாலிசியில் கை வைத்த அன்றே புதுக் கோப்பு எடுத்துவிடுவேன். எஸ்கியூஎல் சேர்வருக்கு லொக் அனுப்புகிறவர்கள் அந்த அமைப்பைத் தனியே குறித்து வைக்க வேண்டும், எக்ஸ்போர்ட்டில் அது வராது.

சான்றிதழும் வராது. அன்று காலை என்னைத் திணறவைத்தது அதுதான். இம்போர்ட் முடிந்தும் ஒரு லாப்டொப்கூட ஏறவில்லை. ஈவென்ட் வியூவரில் 6273, 6273 என்று மறுப்புகள் வரிசையாக விழுந்தன. பாலிசி பழைய மெஷினின் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று எடுத்து, வைஃபை உள்நுழைவுக்கான பீப் (PEAP) அமைப்பில் தெரிவு செய்த பிறகுதான் அனுமதியைக் காட்டும் முதல் 6272 விழுந்தது. இப்போது சான்றிதழைத் தனிச் சாவியோடு பிஎஃப்எக்ஸ் கோப்பாக எடுத்து அதே பென் டிரைவில் சேர்த்திருக்கிறேன்.