சவ்வூடு பரவலைக் காட்ட உருளைக்கிழங்கா, முட்டையா?

சவ்வூடு பரவல் என்றால், மெல்லிய சவ்வு வழியாக நீர், உப்போ சர்க்கரையோ அதிகமுள்ள பக்கம் நகர்வது. அதைக் காட்ட அறிவியல் கண்காட்சிக்கு எதை வைக்கலாம் என்று குழம்புபவர்களுக்கு.

செலவு: இரண்டும் சில்லறைக் காசுதான். முட்டை உடைந்தால் நாற்றம் இலவசம்.

நேரம்: பச்சை உருளைத் துண்டு உப்புநீரில் ஒரு மணி நேரத்திலேயே துவளத் தொடங்கும். முட்டைக்கோ, முதலில் வினிகரில் ஓடு கரைய வேண்டும்; ஒன்றிரண்டு நாள் ஆகும்.

தெளிவு: இதில் முட்டையை அடித்துக்கொள்ள முடியாது. ஓடில்லாத முட்டை தண்ணீரில் வீங்கும். கெட்டியான சர்க்கரைப் பாகில் சுருங்கித் தொளதொளவென்று ஆகும். கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

ஆனால் முட்டையில் நீரைக் கடத்துவது செல் சவ்வு அல்ல, ஓட்டுக்கு அடியிலிருக்கும் மெல்லிய தோல். உருளையில் நீரை இழப்பது உயிருள்ள செல்களே. அதே துண்டை நல்ல தண்ணீரில் போட்டால் விறைக்கும்; வேகவைத்தது விறைக்காது, சவ்வு சிதைந்துவிட்டதே!

கண்காட்சிக்கு முட்டை. முன்பின் எடை பார்த்துக் குறிக்கும் செய்முறைத் தேர்வுக்கு உருளை.