விமானிப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் விமானங்களை எண்ணிப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த மாணவன் ஒருவன் இப்போது எஸ்.பி.எம். என்ற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டான். போன வாரம் அவனுடைய அப்பா ஒரு விமானிப் பயிற்சிப் பள்ளியின் விளம்பரத் தாளைக் காட்டி, "டீச்சர், உங்கள் தம்பி போன பள்ளிதானே இது? பையனைச் சேர்க்கலாமா?" என்று கேட்டார். அதே தாள். மூன்று வெள்ளை விமானங்கள் வரிசையாக நிற்கும் அதே படம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பியைச் சேர்த்தபோது 18 மாதங்களில் வணிக விமானி உரிமம் கைக்கு வந்துவிடும் என்றார்கள். எங்கள் அப்பா தோட்டத்து லோரிப் பட்டறையில் 31 ஆண்டுகள் உழைத்தவர். 55 வயதில் அவர் எடுத்த சேமநிதி, அம்மாவின் நகை, என் பெயரில் வாங்கிய கடன் எல்லாம் சேர்த்து, முதல் ஆறு மாதங்களுக்குள் 180,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டோம். தவணையைத் தாமதமின்றிக் கட்டினால் பயிற்சியும் தாமதமாகாது என்று நம்பினோம்.

முதல் எட்டு மாதங்களில் 31 மணி நேரம் பறந்தான். தனியாகப் பறந்த அன்று அம்மா அண்டை வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்தனுப்பினார். அடுத்த பதினொரு மாதங்களில் வெறும் 9 மணி நேரம். அவனுடைய பறத்தல் பதிவேட்டை நான் புரட்டிப் பார்த்தேன். மார்ச்சில் ஒரு வரி, ஏப்ரலில் ஒன்றுமில்லை, மே மாதத்தில் இரண்டு வரிகள். தினமும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு காத்திருப்பான். ஏழு மணிக்குக் குறுஞ்செய்தி வரும்: 'இன்று விமானம் இல்லை.' மறுநாள், 'இன்று பயிற்றுநர் இல்லை.'

இடைவெளி விழுந்தால் நட்டம் நாட்களோடு நிற்பதில்லை. மூன்று வாரம் பறக்காத மாணவன் தரையிறக்குவதில் தடுமாறுவான். பயிற்றுநர் மாறினால், புதியவர் தானே சோதித்துப் பார்க்காமல் அவனைத் தனியாக அனுப்ப மாட்டார், அனுப்பவும் கூடாது. ஆகவே பழைய பாடமே மீண்டும் நடக்கும். அந்தக் கூடுதல் மணிக்கும் நாங்கள்தான் பணம் கட்டினோம். வணிக விமானிக்கு வேண்டிய முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் 12 மாதங்களுக்குத்தான் செல்லும். அதைப் புதுப்பித்ததும் எங்கள் செலவு.

பிற்பகல் இடிமழைக்கும் புகைமூட்டத்துக்கும் யாரையும் குறை சொல்ல மாட்டேன். பயிற்சி விமானத்தை 100 மணி நேரம் பறந்ததும் கொட்டகைக்குள் நிறுத்திப் பிரித்துச் சோதிப்பதும் மாணவர்களின் உயிருக்காகத்தான். பயிற்றுநர்களில் பலர் பறந்த மணிகளைச் சேர்த்துக்கொண்டு, விமான நிறுவனம் அழைத்ததும் போய்விடுவார்கள். அதுவும் அவர்கள் உரிமை. இவையெல்லாம் தெரிந்த பள்ளி, இருந்த நான்கு பயிற்றுநர்களில் மூவர் போன பிறகும், பழைய மாணவர்கள் தரையில் உட்கார்ந்திருக்கும்போதே, அடுத்த அணியைச் சேர்த்துப் பணம் வாங்கியதே! அதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன்.

அப்பாவும் நானும் நேரில் போனோம். மூன்றில் ஒரு விமானத்துக்கு எஞ்சின் மாற்ற வேண்டும், உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்கிறோம் என்றார்கள். இன்னொன்று சுவரோரம் நின்றது. அதன் சக்கரம் காற்றிறங்கித் தரையோடு படிந்திருந்தது. இறக்கையின் அடியில் குளவிக்கூடு. அப்பா குனிந்து சக்கரத்தைத் தொட்டார். எஞ்சின் மூடி கழன்றிருந்த இடத்தில் எட்டிப் பார்த்தார். "அம்மா, இது பழுது பார்க்கிற வண்டி இல்லை. இதிலிருந்து கழற்றி மற்றதற்குப் போடுகிறார்கள். எங்கள் பட்டறையிலும் ஒரு லோரி இப்படித்தான் நின்றது" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியில் சேர்ந்தவருக்கே வணிக உரிமத்துக்கு 150 மணி நேரம் வேண்டும். தம்பியின் பள்ளியில் 24 பேர்; ஆக 3,600 மணி. மழை, சோதனை எல்லாம் கழித்து ஒரு விமானம் மாதம் 70 மணி நேரம் பறப்பதாக வைத்துக்கொண்டேன். மூன்று விமானங்கள் என்றால் 17 மாதங்களுக்கு மேல் ஆகும். ஒன்றே ஒன்று என்றால் 51 மாதங்கள். புதிய அணியை நான் இதில் சேர்க்கவே இல்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. பணம் கட்டும் முன் போட்டிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் பயிற்சிக் காலம் 'உத்தேசமானது' என்று ஒரு சொல் இருக்கிறது. முதல் முறை பறந்த பிறகு கட்டணம் திரும்பாது என்றும் இருக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரைதான் கோர முடியும். அதற்கு மேல் வழக்கறிஞர், நீதிமன்றம். பொது விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு ரசீதுகளோடும் பதிவேட்டின் நகலோடும் எழுதியிருக்கிறோம்.

சேர்க்க நினைப்பவர்கள் ஒரு வேலைநாள் காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள். எத்தனை விமானங்கள் மேலே ஏறுகின்றன என்று பாருங்கள். முழுநேரப் பயிற்றுநர் எத்தனை பேர், காத்திருக்கும் மாணவர் எத்தனை பேர் என்று அலுவலகத்தில் கேட்காதீர்கள், சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். பறந்த மணிக்கு மட்டும் கட்டணம் என்று எழுதித் தராத இடத்தில் மொத்தமாகக் கட்டாதீர்கள்.

மாணவனின் அப்பாவிடம், பறக்கும் நிலையில் உள்ள விமானங்களின் பதிவு எண்களைக் கேட்கச் சொன்னேன். 9எம் என்று தொடங்கும் எண்கள், வாலருகே எழுதியிருக்கும். நேற்று கேட்டாராம். இரண்டு எண்களைச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, எங்கள் அப்பா சக்கரத்தைத் தொட்டுப் பார்த்த விமானத்தின் எண். முன்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.