ஓடினா மூச்சு வாங்குது: உக்காந்து ஊதுற டெஸ்ட்டா, ஓடிட்டு ஊதுற டெஸ்ட்டா?

எனக்கு 41 வயசு, ரெண்டு வருஷமா கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல காலைல ஓடறேன். மார்கழி பொறந்தா ஒரு தொந்தரவு வரும். ஓடறப்பக்கூட சமாளிச்சுடுவேன், ஓடி முடிச்சு நின்ன அஞ்சாறு நிமிஷத்துல நெஞ்சு இறுகும், வறட்டு இருமல் வரும், மூச்சு விடறப்ப கீச்கீச்சுனு சத்தம் கேக்கும், அப்புறம் ஒரு முக்கால் மணி நேரத்துல தானா அடங்கிடும், வீட்டுக்கு வந்து காபி போடறப்ப ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். காரணம் தெரிய ஒரு வருஷம் ஆச்சு. அந்த வருஷத்துல பண்ணின டெஸ்ட்ல எது உருப்படியா பதில் சொல்லுச்சுன்னு எழுதறேன்.

ரத்த டெஸ்ட் எல்லாரும் முதல்ல எடுக்கறதுதான், எடுக்கணும். பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ போனா ரத்தசோகை, மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். எனக்கு 11.2 இருந்துச்சு, மூணு மாசம் அயர்ன் மாத்திரை சாப்பிட்டு 12.6 ஆச்சு, களைப்பு போச்சு, ஆனா கீச்கீச் போகல. ரத்தம் கம்மின்னு ஒரு பதில் கிடைச்சதும் அதோட தேடறத நிறுத்திடறாங்க நம்ம வீடுகள்ல, எனக்கும் அதான் நடந்துச்சு, ஒரு மூணு மாசம் அதுலயே போச்சு.

இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ (இதயத்தோட ஸ்கேன்), டிஎம்டி (ட்ரெட்மில்ல ஓட வச்சுப் பாக்கறது). இதுல பேரம் பேசவே கூடாது. ஓடறப்ப நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு வந்தாலோ, குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தாலோ ஓட்டத்த நிறுத்திட்டு முதல்ல இத பாக்கணும். எனக்கு மூணும் நார்மல். ஆனா டிஎம்டில ஓட வச்சுத்தான பாத்தாங்க, அப்ப நுரையீரலும் ஓகேதான்னு நான் நெனச்சுட்டேன், அது தப்பு. டிஎம்டில முக்கியமா பாக்கறது ஈசிஜியும் பிபியும்தான், ஓடி முடிச்சப்புறம் மூச்சுக்குழாய் சுருங்குதான்னு யாரும் ஊதச் சொல்றதில்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். முதல்ல எனக்கு எடுத்தது சாதாரண ஸ்பைரோமெட்ரி. மூக்குல கிளிப் மாட்டி, நல்லா மூச்ச இழுத்து ஒரே மூச்சா ஊதணும், முதல் செகண்ட்ல எவ்வளவு காத்து வெளிய வருதுன்னு பாப்பாங்க, அதுக்குப் பேரு எஃப்இவி1. அப்புறம் இன்ஹேலர் குடுத்து கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊதச் சொல்வாங்க. சுலபம், செலவு கம்மி, பல ஊர்ல கிடைக்கும், எப்பவும் இளைப்பு இருக்கறவங்களுக்கு இதுலயே பதில் கிடைச்சுடும். எனக்கு நார்மல்னு வந்துச்சு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நிம்மதியா உக்காந்து ஊதினா நார்மலாதான வரும்! தொந்தரவே ஓடின அப்புறம்தான் வருது. ரிப்போர்ட்ட பாத்துட்டு ஒரு டாக்டர் டென்ஷனா இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டார், அன்னிக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

ரெண்டாவதா ஒரு நுரையீரல் டாக்டர் எழுதிக் குடுத்ததுதான் ஓட வச்சு ஊதச் சொல்ற டெஸ்ட். நான் முழுசா இந்தப் பக்கம்தான். ஓடறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஊதணும், அப்புறம் ஏசி ரூம்ல ட்ரெட்மில்ல ஆறுலேர்ந்து எட்டு நிமிஷம், முதல் ரெண்டு மூணு நிமிஷத்துலயே இதயத்துடிப்ப நம்ம வயசுக்கான உச்சத்துல 80-90 சதவீதத்துக்கு ஏத்திடணும், எனக்கு 150 தாண்ட வேண்டியிருந்துச்சு. மெதுவா வார்ம்அப் பண்ணி ஏத்தினா சில பேருக்கு மூச்சுக்குழாய் சுருங்காம தப்பிச்சுடும், அதனாலதான் இந்த அவசரம், அன்னிக்குக் காலைல ஓடிட்டும் போகக்கூடாது. நிறுத்தினப்புறம் 5, 10, 15, 30வது நிமிஷத்துல திரும்பத் திரும்ப ஊத வைப்பாங்க. எனக்கு எஃப்இவி1 2.6 லிட்டர் இருந்தது பத்தாவது நிமிஷத்துல 2.15க்கு இறங்குச்சு, 17 சதவீதம். பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சாலே உடற்பயிற்சியால மூச்சுக்குழாய் சுருங்குதுன்னு எடுத்துக்குவாங்க. வாயால வேகமா குளிர்ந்த வறண்ட காத்த இழுக்கறப்ப மூச்சுக்குழாயோட உள்பக்கம் காய்ஞ்சு போய் தசை இறுகுது, மார்கழில மட்டும் ஏன் வருதுங்கறதும் அப்பத்தான் புரிஞ்சது. ஈரப்பதம் அதிகமா இருக்கற ரூம்ல பண்ணினா தொந்தரவு இருந்தும் நார்மல்னு வர வாய்ப்பு இருக்கு, இது இந்த டெஸ்ட்டோட குறை.

டெஸ்ட்டே வேண்டாம், இன்ஹேலர் போட்டுப் பாத்துக்கலாம்னு ஒரு வழியும் சொல்வாங்க. எனக்கு அதுல ஒப்புதல் இல்ல, ஏன்னா தொண்டைல குரல்வளை குறுகறதும் இதே மாதிரிதான் ஏமாத்தும். அது ஓட்டத்தோட உச்சத்துல வரும், மூச்ச *உள்ள இழுக்கறப்ப* சத்தம் கேக்கும், நின்ன கொஞ்ச நிமிஷத்துல போயிடும், இன்ஹேலர் வேலை செய்யாது. ஓடறப்பவே மூக்கு வழியா சின்ன கேமரா விட்டுத்தான் அத உறுதி பண்ணுவாங்க. அதனால டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி எப்ப ஆரம்பிக்குது, இழுக்கறப்பவா விடறப்பவா, எத்தன நிமிஷத்துல அடங்குதுன்னு ஒரு வாரம் நோட்ல எழுதிட்டுப் போங்க. என்னோட ரெண்டாவது டாக்டர் அத வச்சுத்தான் டெஸ்ட்ட முடிவு பண்ணினாங்க.

முகமூடி மாட்டி சைக்கிள் மிதிக்க வச்சு இதயம், நுரையீரல், தசை மூணையும் சேத்துப் பாக்கற சிபெட்னு ஒண்ணு இருக்கு. நான் பண்ணிக்கல, எல்லாம் நார்மல்னு வந்தும் காரணம் புரியாதவங்களுக்கும், உடம்பு ஓட்டத்துக்குப் பழகாததால மட்டும் மூச்சு வாங்குதான்னு பிரிச்சுப் பாக்கவும் அதுதான் சரின்னு டாக்டர் சொன்னாங்க. இந்த டெஸ்ட் எதுவுமே இல்லாத ஊர்ல இருக்கறவங்க பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதற காத்தோட வேகத்த அளக்கற சின்ன கருவி) வாங்கி ஓடறதுக்கு முன்னாடியும், நின்ன பத்தாவது நிமிஷத்துலயும் ஊதிக் குறிச்சுக்கலாம், துல்லியம் கம்மிதான், ஆனா டாக்டர்கிட்ட காட்ட கைல ஒரு கணக்கு இருக்கும்.

இப்ப தினமும் இன்ஹேலர் போடறேன், ஓடறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் வார்ம்அப், குளிர் அதிகமா இருந்தா மூக்க மூடித் துணி. தை பொறந்ததும் திரும்ப ஓட வச்சு ஊதச் சொல்லியிருக்காங்க.