கோர்ட் ஊழியர் கைபேசியில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், எக்ஸ்: எந்தப் பூட்டு எவ்வளவு தாங்கும்?

பாரிமுனையிலோ எழும்பூர், சைதாப்பேட்டை கோர்ட்டுகளிலோ வேலை பார்க்கும் பெஞ்ச் கிளார்க், சுருக்கெழுத்தர், சிரஸ்தார் கையில் இருக்கும்போது இந்தச் செயலிகளுக்கான மதிப்பெண்ணே மாறிவிடும். போட்டது யார் கண்ணில் படும், திரும்ப எடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகள்தான் இங்கே.

மூன்றில் ஆபத்தானது வாட்ஸ்அப். வீட்டு ஆள் மாதிரி நம்புகிறோம் அல்லவா, அதனால். சேமித்து வைத்த எண்களில் வக்கீல் குமாஸ்தா இருப்பார், சில சமயம் கட்சிக்காரரே இருப்பார். 'மை கான்டாக்ட்ஸ்' என்று விட்டால் ஸ்டேட்டஸ் அவர்களுக்கும் போய்ச் சேரும். செட்டிங்ஸ், பிரைவசி, ஸ்டேட்டஸ் என்று போய் 'ஒன்லி ஷேர் வித்' தட்டி, வேண்டியவர்களை மட்டும் குறியுங்கள். 24 மணி நேரத்தில் மறையும் என்பதை நம்பாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். குழுவில் போட்டதை எல்லோருக்கும் அழிக்க ஏறக்குறைய இரண்டரை நாள் அவகாசம் உண்டு, ஆனால் அழித்த அடையாளம் அங்கேயே நிற்கும்.

படங்கள் விஷயம் இன்னும் மோசம். பிரிவுபசார விழா குரூப் போட்டோவில் மேசை மேல் வழக்குக் கட்டு கிடக்கும். பெரிதாக்கினால் பெயர் படிக்கலாம். அது பாலியல் வழக்காக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டதாக பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு பாயும். இரண்டு ஆண்டு வரை சிறை. குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் தனி.

ஃபேஸ்புக்கில் பூட்டுகள் அதிகம், ஓட்டைகளும் அதிகம். 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' ஒரே தட்டில் பழைய பொதுப் பதிவுகளை நண்பர்கள் வட்டத்துக்குள் அடைக்கிறது, அது நல்ல வசதி. பதிவைத் திருத்துவதில் பலனில்லை, திருத்த வரலாற்றில் பழைய வாசகம் கிடைக்கும். அழித்துவிடுங்கள். 'ஷேர் மட்டும்தானே செய்தேன்' என்ற சமாதானமும் எடுபடாது: ஒன்றைப் பகிர்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று 2018இல் எஸ்.வி.சேகர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வேலை விவரத்தில் கோர்ட் பெயர் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் சொந்தக் கருத்தும் கோர்ட் கருத்தாகவே வாசிக்கப்படும்.

எக்ஸில் 2024 ஜூன் முதல் லைக் வெளியில் தெரிவதில்லை. பதிவு போட்டவருக்கு மட்டும் தெரியும். 'கருத்துகள் என்னுடையவை' என்ற வரிக்குச் சட்ட மதிப்பு ஒன்றும் கிடையாது.

நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971, பேச்சு, எழுத்தோடு சைகையையும் காட்சியையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் மீமும் உள்ளே வரும். ஆறு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முடிந்த வழக்கின் தீர்ப்பை நேர்மையாக விமர்சிக்க 5ஆம் பிரிவு இடம் தருகிறது. ஊழியருக்கு அது பாதிக் குடைதான்: நடத்தை விதிப்படி துறை நடவடிக்கை தனியே வரும். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015இல் ரத்தானதும் இந்த விதிகளைத் தொடவில்லை.

நீதிபதிகளுக்குக் கயிறு இன்னும் குட்டை. தீர்ப்பே பேசட்டும், ஊடகப் பேட்டி கூடாது என்கிறது 1997இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிமுறை. நீதித்துறை அலுவலர்கள் ஃபேஸ்புக்கையே தவிர்க்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி நாகரத்னா அமர்வு சொன்னது. தீர்ப்பு எழுதுபவருக்கு அது சரி. சினிமா விமர்சனம் போடும் அமீனாவுக்கும் அதே அளவுகோல் என்றால் அது மிகை.

கடைசியாக, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தபடி விட்டுப் போகும் பழக்கம். வேறொருவர் உங்கள் பெயரில் அனுப்பிவிட்டால் 'நான் இல்லை' என்று நிரூபிப்பது பெரும்பாடு. கைபேசியில் லிங்க்டு டிவைசஸில் போய், அந்தக் கம்ப்யூட்டரையும் தெரியாத கருவி எதையும் தட்டி, லாக் அவுட் கொடுங்கள்.