கதாயுதம் வேலாக மாற பிளெண்டர் போதுமா?

வேலூர், பெயரிலேயே வேல் இருக்கிற ஊர். ஆன்லைன் விளையாட்டுக்கு உருமாறும் ஆயுதம் செய்ய உட்கார்ந்தால் வேலில்தான் போய் முடியும். இங்கே எடுத்துக்கொண்ட ஆயுதம், கதாயுதமாக இருந்து 0.4 நொடியில் வேலாக விரிவது. எடை போட்டது பிளெண்டர் என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளின் 4.2 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பை. காசு கிடையாது, குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம் வேண்டும். மே மாத வேலூரில் லேப்டாப்புக்கு அடியில் ஒரு ஃபேனும் வேண்டும்.

மாதிரிக்கு வெளியே தேட வேண்டாம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நுழைந்ததும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். அந்தத் தூண் யாளிகளின் முகம் கைப்பிடிக் கழுத்துக்கு அப்படியே பொருந்தும். தூணை ஒட்டி நின்று வைட் லென்ஸில் எடுத்தால் யாளிக்கு மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து, முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தால் போதும். உருண்டையின் அடிப்பகுதிக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயின் காம்பைப் பாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், கதாயுதத்துக்கும் லாயக்குதான்.

உருமாற்றம் என்றதும் எல்லோரும் ஓடுவது ஷேப் கீயிடம். ஒரு வடிவத்தின் புள்ளிகளை நகர்த்தி இன்னொரு வடிவமாக்கும் வசதி அது. பாதிப் பேர் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். ஷேப் கீ ஒவ்வொரு புள்ளியையும் நேர்கோட்டில் நகர்த்துகிறது, சுழற்றத் தெரியாது. உருண்டை விரியும்போது 90 டிகிரி திரும்ப வேண்டிய இதழ், பாதி வழியில் அச்சிலிருந்து 71 சதவீத நீளத்துக்குச் சுருங்கிவிடும். 180 டிகிரி என்றால் நடுவில் அச்சோடு நசுங்கியே போகும். ஆகவே திரும்புவதையும் நீளுவதையும் எலும்புக்கு, அதாவது வடிவத்தின் பகுதிகளைப் பிடித்து அசைக்கும் உள் கம்பிக்கு, விடுங்கள். உப்புவதையும் ஒடுங்குவதையும் மட்டும் ஷேப் கீக்குக் கொடுங்கள். இந்த ஆயுதத்தில் உருண்டையின் 8 இதழ்களுக்கு 8 எலும்பு, கைப்பிடிக்கு 3. உள்ளிருந்து எழும் வேலின் இலை அகலுவதற்கு ஒரே ஒரு ஷேப் கீ.

கைப்பிடி என்பது தலா 70 செ.மீ. நீளக் குழாய்கள் மூன்று, ஒன்றுக்குள் ஒன்று. நீட்டும்போது ஒவ்வொரு இணைப்பிலும் 10 செ.மீ. உள்ளேயே இருக்கட்டும், மொத்தம் 190 செ.மீ. வரும். உள் குழாயின் விட்டத்தைச் சில மில்லிமீட்டராவது குறைக்காவிட்டால் இரண்டு பரப்பும் ஒன்றோடொன்று சண்டை போட்டு மினுமினுக்கும்.

எலும்போடு இணைக்கும்போது, எந்தப் புள்ளியை எந்த எலும்பு எவ்வளவு இழுக்கும் என்பதைப் பிளெண்டரே பங்கிடும் ‘ஆட்டோமேட்டிக் வெயிட்ஸ்’ பக்கம் போகவே கூடாது. உலோக இதழ் ரப்பர் மாதிரி வளையும். எடிட் மோடில் ஒவ்வொரு இதழின் புள்ளிகளையும் தேர்ந்து, அந்தந்த எலும்பின் பெயரிலேயே வெர்டெக்ஸ் குரூப் (புள்ளிகளின் தொகுதி) போட்டு, வெயிட் 1, அதாவது முழு இழுப்பு, கொடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இரும்பு இரும்பாக நிற்கும்.

பிளெண்டர் மீது உண்மையான குறை ஒன்று உண்டு. ஷேப் கீ போட்ட பிறகு மிரர் (மறுபாதியைப் பிரதியெடுப்பது), சப்டிவிஷன் (பரப்பை நுணுக்குவது) போன்ற மாடிஃபையரை அப்ளை செய்து நிரந்தரமாக்க விடாது. அதனால் மாடிஃபையரையெல்லாம் முதலில் முடித்து, கன்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை 1 ஆக்கிவிட்டு, கடைசியில்தான் ஷேப் கீ. இதே வினை ஏற்றுமதியிலும் காத்திருக்கிறது: ஜிஎல்டிஎஃப் (முப்பரிமாணக் கோப்பு வடிவம்) எடுக்கும்போது ‘அப்ளை மாடிஃபையர்ஸ்’ டிக் ஆகியிருந்தால் ஷேப் கீ கோப்பில் வராது. எலும்பு திரும்பினால் இலை தானாக அகலும்படி டிரைவர் வைத்திருந்தால், அதுவும் டிரைவராகவே கேம் என்ஜினுக்குள் போகாது. கீஃபிரேமாக (ஃபிரேம்வாரி நிலைப் பதிவாக) மாற்றி, அதாவது பேக் செய்துதான் அனுப்ப வேண்டும்.

யூனிட்டி என்ற கேம் என்ஜினில் இறக்கியபின் இலை அசையவே இல்லை என்றால் பதற வேண்டாம். பிளெண்டரில் ஷேப் கீயின் முழு அளவு 1, யூனிட்டியில் பெரும்பாலும் 100. ஸ்கிரிப்டில் 1 என்று எழுதியிருப்பீர்கள்.

இதற்குமேல் பிளெண்டர் உதவாது. நெட்வொர்க்கில் 11 எலும்பின் நிலையையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் அனுப்பாமல், எந்த வடிவம், எப்போது தொடங்கியது என்ற இரண்டு தகவலை மட்டும் அனுப்புங்கள். அசைவை அவரவர் கணினியே ஓட்டிக்கொள்ளும். அடி பட்டதா என்பதை சர்வர்தான் தீர்மானிக்க வேண்டும். 30 ஃபிரேம் வேகத்தில் மாற்றத்துக்கு 12 ஃபிரேம். 8-ஆவது ஃபிரேம் வரை கதாயுதத்தின் கொலைடரையே (மோதலைக் கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத எல்லை) வைத்திருங்கள். தொடக்கத்திலேயே வேலின் நீளத்தைக் கொடுத்தால், இன்னும் விரியாத முனை எதிராளியைக் குத்திவிடும். வசவு உங்களுக்கு வரும்.

வேலுக்கு எட்டும் தூரம், கதாயுதத்துக்குக் கவசம் உடைக்கும் பலம். ஒருமுறை மாற்றினால் 6 நொடிக்கு மறுபடி மாற்ற முடியாது என்று பூட்டு போட்டுப் பாருங்கள். பூட்டில்லாமல் விட்டால் மற்ற ஆயுதங்களை யாரும் பெட்டியிலிருந்தே எடுக்க மாட்டார்கள்.