முடக்குவாதக் கைக்கு எந்தப் பல்: கழற்றிப் பூட்டுவதா, பிரிட்ஜா, இம்பிளாண்டா?

கீழ்க் கடைவாயில் ஒரு பல் போய்விட்டால் மட்டக்களப்பில் யாரைக் கேட்டாலும் "ஒரு பல்லைக் கட்டிவிடுங்க" என்பார்கள். மற்றவர்களுக்கு அது காசையும் பொறுமையையும் பொறுத்த விஷயம். ருமட்டொயிட் ஆத்ரைட்டிஸ் என்கிற முடக்குவாதத்தோடு இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கழற்றிப் பூட்டும் பல், பக்கத்துப் பற்கள் இரண்டைத் தாங்கலாக்கி ஒட்டும் பிரிட்ஜ், தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல் வைக்கும் இம்பிளாண்ட் என்று மூன்று வழிகளையும் விசாரித்துவிட்டு நான் இம்பிளாண்ட் வைத்துக்கொண்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

காசு என்று பார்த்தால் கழற்றிப் பூட்டும் பல்தான் மலிவு, பிரிட்ஜ் நடுத்தரம், இம்பிளாண்ட் கையைக் கடிக்கும். நேரம் என்றால் முதல் இரண்டும் சில கிழமைகளில் முடியும். இம்பிளாண்டின் டைட்டேனியத் திருகு எலும்போடு பிடிக்கவே 3 முதல் 6 மாதம் வேண்டும். கச்சான் கடிப்பது, நண்டுக்கால் உடைப்பது பற்றியெல்லாம் எந்தப் பல் டொக்டரும் சொல்லுவார், விடுங்கள்.

எனக்கு முடிவைத் தந்தது பல் அல்ல, விரல். காலையில் எழுந்ததும் கை விறைத்துப்போய் இருக்கும். பற்பசை மூடியைத் திறப்பதே ஒரு வேலை. அந்தக் கையால் தினமும் பராமரிக்கக்கூடிய பல் எது என்பதுதான் கேள்வி.

கழற்றும் பல்லை இரவில் எடுத்து வைக்க வேண்டும். எடுப்பதென்றால் கம்பிக் கொக்கியின் கீழே நகத்தைக் கொடுத்து நெம்ப வேண்டும். கல்முனையில் இருக்கும் என் பெரியம்மாவின் மகளுக்கும் இதே வருத்தம். அந்த அக்கா படுக்கப்போகுமுன் வாயைத் திறந்து காட்ட, அவருடைய மகள்தான் பல்லைக் கழற்றிக் கோப்பைத் தண்ணீரில் போடுவாள். காலையில் விரல் வழிக்கு வரும்வரை பல் இல்லாமலே பிட்டைக் குழைத்துச் சாப்பிடுகிறார். இன்னொன்று, எங்களில் பலருக்கு வாய் உலர்ந்துவிடும். எச்சில் இல்லாத வாயில் பிளாஸ்டிக் தட்டு உரசும். முடக்குவாதத்துக்குப் போடும் மெத்தோட்ரெக்ஸேட் குளிசை தரும் வாய்ப்புண்ணும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பிரிட்ஜில் கழற்றும் தொல்லை இல்லை. ஆனால் பக்கத்திலுள்ள நல்ல பற்கள் இரண்டை அராவ வேண்டும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம், நடுப்பல்லின் அடியைச் சுத்தம் செய்வதில்தான் நான் தோற்றேன். தனி நூல் ஒன்றின் விறைத்த முனையை அடியில் நுழைத்து மறுபக்கம் இழுக்க வேண்டும். டொக்டர் ஒரு மாதிரித் தாடையைத் தந்து, "இந்த நூலைக் கோத்துப் பாருங்க டீச்சர்" என்றார். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து அந்த முனையைப் பிடிக்கவே இல்லை. அடியில் அழுக்குத் தங்கினால் உலர்ந்த வாயில் தாங்கு பற்கள் சீக்கிரம் சொத்தையாகும். ஒன்று போனால் பிரிட்ஜ் முழுவதும் போச்சு. விரல் நன்றாக இயங்குபவர்களுக்குப் பிரிட்ஜ் மோசமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இம்பிளாண்ட் தனியே நிற்கிறது. நூல் கோக்கும் வேலை இல்லை. பிரஷ்ஷின் பிடியில் பழைய சைக்கிள் ஹாண்டிலின் ரப்பர் உறையை மாட்டியிருக்கிறேன், உள்ளங்கையாலேயே பிடிக்கலாம். இடுக்குகளுக்கு நீண்ட பிடியுள்ள குட்டி பிரஷ். வேலை அவ்வளவுதான்.

அதற்காக எல்லாரும் ஓடிப்போய் வைக்க முடியாது. முடக்குவாதம் இருக்கிறது என்பதே ஒரு தடை இல்லை. இதுவரை வந்த ஆய்வுகள் சிறியவைதான் என்றாலும் அவற்றில் இம்பிளாண்டுகள் பெரும்பாலும் நன்றாகவே நின்றிருக்கின்றன. சிக்கல் மருந்துகளில் இருக்கிறது. எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒருமுறை அலென்ட்ரோனேட் குளிசை போடுகிறவர்கள், அதுவும் பல வருடங்களாகப் போடுகிறவர்கள், முதலில் அதைச் சொல்ல வேண்டும். அபூர்வமாக என்றாலும் தாடை எலும்பு ஆறாமல் பட்டுப்போவதுண்டு, கூடவே ஸ்டீரொய்ட் எடுத்தால் அந்த ஆபத்து கூடும். பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீரொய்டைச் சத்திரசிகிச்சைக்காக நீங்களாக நிறுத்தக் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்துவதா தொடர்வதா என்பதை வாத டொக்டர் சொல்லட்டும். ரிட்டுக்சிமாப் போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் ஊசிகள் போடுகிறவர்களின் அனுபவம் எனக்கு இல்லை, அவர்களும் டொக்டரிடம் நாள் கேட்டே வைக்க வேண்டும்.

பல் டொக்டரிடம் போகும்போது கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். நோவுக்கு அவர் எழுதும் குளிசையும் நீங்கள் ஏற்கெனவே போடும் குளிசையும் ஒரே வகையாக இருக்கலாம். அமொக்சிசிலின் என்கிற அன்டிபயோட்டிக் கூட மெத்தோட்ரெக்ஸேட் உடலைவிட்டுப் போவதைத் தாமதப்படுத்தக்கூடும். தாடை மூட்டில் வாதம் இருந்தால் வாயை நெடுநேரம் திறந்து வைக்க முடியாது, கழுத்திலும் இருந்தால் தலையைச் சாய்த்துப் படுப்பது கஷ்டம். இடையிடையே நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

கொழும்பில் வைக்கலாமே என்று பலர் சொன்னார்கள். வைக்கலாம். ஆனால் திருகு தளர்ந்தாலோ முரசு வீங்கினாலோ உதயதேவி ரயிலில் ஒரு பகல் முழுக்க மடங்கி உட்கார்ந்து போக வேண்டுமே! ஊரிலேயே பார்க்கக்கூடியவரிடம் வைப்பது எங்கள் மூட்டுகளுக்கு மரியாதை. எங்கே வைத்தாலும் இம்பிளாண்டின் கம்பனிப் பெயர், அளவு எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கம்பனித் திருகுக்கு இன்னொரு கம்பனிச் சாவி பொருந்தாமல் போகலாம்.

என்னுடையது ஒற்றைப் பல், வைத்தும் அதிக காலம் ஆகவில்லை. இம்பிளாண்டைச் சுற்றி முரசு அழுகும் நோய் வருடங்கள் கழித்தும் வரலாம் என்பதால், அது கடைசிவரை நிற்கும் என்று நான் எழுதித் தரமாட்டேன். கீழ்ப்பற்கள் முழுவதும் போனவர்களுக்கு இரண்டு இம்பிளாண்டின் மேல் பொத்தான் மாதிரிப் பூட்டும் பல்தொகுதி உண்டு. அதைக் கழற்றவும் பலம் வேண்டும். பூட்டின் உள்ளே வரும் சின்ன உறைகள் இறுக்கமாகவும் இலேசாகவும் பல தரத்தில் கிடைக்கின்றன, இலேசானதைக் கேட்கலாம். காசு கட்டுமுன் மாதிரி ஒன்றை உங்கள் கையாலேயே கழற்றிப் பாருங்கள், அதுவும் விரல் விறைத்திருக்கும் காலை நேரத்தில்.