வேட்டைப் பை: எந்த ஃப்ரேம், எந்தத் துணி?

வேட்டைப் பையின் உண்மையான சோதனை திரும்பி வரும்போதுதான். போகும்போது 10, 12 கிலோ இருக்கும். மான் விழுந்துவிட்டால் இறைச்சியோடு சேர்த்து 30, 40 கிலோ ஆகிவிடும். எனவே ஃப்ரேமை, அதாவது சுமையைத் தாங்கும் விறைப்பான சட்டத்தைப் பொறுத்துப் பிரியும் நான்கு வகைப் பைகளையும் அந்தத் திரும்பும் சுமையை வைத்தே எடைபோடுகிறேன்.

ஃப்ரேம் இல்லாத பை அரைநாள் வேட்டைக்குச் சரி. சுமை கூடினால் பை தொய்ந்துவிடும், இடுப்பு பெல்ட் இருந்தும் பயனில்லை, எல்லாம் தோளில் இறங்கும். அங்கே ஓடும் நரம்புகள் அழுந்திக் கை மரத்துப்போவதும் பலமிழப்பதும் உண்டு. மருத்துவர்கள் அதை ‘ரக்சாக் பால்சி’ என்பார்கள். கனத்துக்கு இந்தப் பையை நினைக்கவே வேண்டாம்.

மலையேற்றப் பைகளில் இருக்கும் உள் ஃப்ரேம், 1967இல் கிரெக் லோ கொண்டுவந்தது. உடம்போடு ஒட்டி நிற்பதால் பாறையிலும் நடை தடுமாறாது. ஆனால் இறைச்சியைப் பைக்குள்தான் திணிக்க வேண்டும். அது அடியில் போய் உட்கார்ந்து பின்னால் இழுக்கும். ஈடுகட்ட நாம் குனிவோம், கீழ்முதுகு வலிக்கும். துணிமணியில் ரத்தம் ஊறுவது வேறு. 1950களில் டிக் கெல்டி பரப்பிய அலுமினியக் குழாய் வெளி ஃப்ரேம் இதற்கு நேரெதிர். சுமையை உயர்த்திக் கட்டலாம், விலையும் குறைவு. புதரில் மாட்டும், கிறீச்சிடும், பக்கச் சரிவில் ஆடும்.

இரண்டின் நல்லதையும் சேர்த்து வந்தவைதான் இன்றைய வேட்டை ஃப்ரேம்கள். குயு நிறுவனம் கார்பன் ஃபைபரிலும், எக்ஸோ நிறுவனம் டைட்டானியத்திலும் இவற்றைச் செய்கின்றன. பையை ஃப்ரேமிலிருந்து விலக்கி, இடையில் இறைச்சியை வைத்து வார்களால் இறுக்கிவிடலாம். கனம் முதுகெலும்பை ஒட்டியே நிற்கும். விலை அதிகம்தான், ஆனாலும் என் தேர்வு இதுவே.

முழங்கால் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல பெல்ட் சுமையின் பெரும்பகுதியை இடுப்பெலும்புக்கு மாற்றித் தோளையும் முதுகையும் காக்கும். முழங்காலுக்கு அதனால் எடை குறையாது. இடுப்பில் இறங்கிய சுமை கால் வழியாகத்தானே தரைக்குப் போக வேண்டும்? முழங்கால் வலி உள்ளவர்கள் லேசான பையை எடுக்க வேண்டும், இறைச்சியை இரண்டு நடையாகக் கொண்டுவர வேண்டும், கையில் ஊன்றுகோல்கள் வேண்டும். இறக்கத்தில் ஊன்றுகோல் முழங்கால் மீதான விசையை 25 சதவீதம் வரை குறைப்பதாக ஆய்வில் அளந்திருக்கிறார்கள்.

துணியிலும் இதே கணக்குதான். டெனியர் என்பது நூலின் பருமனைக் காட்டும் அளவு. 1000 டெனியர் உறுதியானது, ஆனால் அந்தக் கனத்தையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். 500 டெனியர் கோர்டுரா நைலான் போதும், அடிப்பகுதி மட்டும் இரட்டைத் துணியாக இருக்கட்டும். அடுக்குகளை ஒட்டிச் செய்யும் லேமினேட் துணிகள் இன்னும் லேசானவை, நீர் புகாது. கிளை உரசினால் சரசரக்கும், மானுக்குக் கேட்டுவிடும். பைகள் துணியின் நடுவில் கிழிவது அபூர்வம். தோள் வார் தைத்த இடம், ஜிப், பக்கிள் இவைதான் முதலில் போகும், அங்கே நன்றாக இழுத்துப் பாருங்கள்.

அப்புறம் அளவு. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை முதுகை அளந்து, அதற்கேற்ற ஃப்ரேமை எடுங்கள். ஆள் உயரத்தை வைத்து எடுத்தால் பொருந்தாது. 20 கிலோ மணல் மூட்டையை வைத்துக் கட்டி அரைமணி நேரம் படி ஏறி இறங்குங்கள். பெல்ட் வழுக்கி இறங்கிக்கொண்டே இருந்தால், எவ்வளவு பேர்பெற்ற பையானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.